சேக்கல் என்னும் எடைக்கல்

இஸ்ரேல் நாட்டுப் பணத்தின் பெயர் ஷெகல் என்பது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தமிழ் வேதாகமம் படித்தவர்கள் அதே சொல்லைச் 'சேக்கல்' என்று அறிவார்கள். இரண்டும் ஒன்றே. ஆனால் இரு சாராரும் அதை ஒரு காசு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். வட்டமாக, ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் எண்ணும் பொறித்த நாணயம் ஒன்று அவர்கள் மனத்தில் இருக்கிறது. இந்தப் படம் தவறு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சேக்கல் காசாக இருக்கவே இல்லை. அது தராசுத் தட்டில் வைக்கும் கல். பண்டிதர்களை விட, அன்றாடம் தராசு பிடிக்கிற நமக்குத்தான் இந்தச் சொல் சுலபமாகப் புரியும். அதனால்தான் நம் இதழில் இதை எழுத முன்வந்தேன்.

எபிரேய மொழியில் இந்தச் சொல்லின் வேருக்கு 'நிறுத்தல்' என்று பொருள். பாபிலோனியரின் அக்காதிய மொழியில் இதுவே 'ஷிக்லு'. அரமேய மொழியில் 'தெக்கேல்'. தானியேலின் நூலில், விருந்து நடந்துகொண்டிருக்கும்போது அரண்மனைச் சுவரில் ஒரு கை எழுதியதாக வரும் சொற்களில் தெக்கேலும் ஒன்று. நிறுத்துப் பார்த்ததில் அரசன் எடை குறைந்தவனாகக் காணப்பட்டான் என்று அதற்கு அங்கே விளக்கம் சொல்லப்படுகிறது. ஒரு பேரரசின் முடிவை அறிவிக்கக் கிடைத்தது கடைக்காரனின் சொல்தான் பாருங்கள்.

இதன் வாய்பாடு எளியது. இருபது கேரா ஒரு சேக்கல். கேரா என்பது மணி அல்லது விதை என்று பொருள் கொள்வார்கள். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்து நிறுத்த மாதிரிதான். அரைச் சேக்கலுக்குப் பெக்கா என்று பெயர். 'பிளந்தது' என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. மூவாயிரம் சேக்கல் ஒரு தாலந்து. யாத்திராகமத்தில் ஒரு வசூல் கணக்கு வருகிறது. ஆறு இலட்சத்து மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது பேர், தலைக்கு அரைச் சேக்கல். மொத்த வரவு நூறு தாலந்தும் 1,775 சேக்கலும் என்று எழுதியிருக்கிறது. நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 301,775 சேக்கல்; அதில் மூன்று இலட்சம் போனது நூறு தாலந்து, மிச்சம் 1,775. பேரேடு எழுதத் தெரிந்த ஒருவர் போட்ட கணக்கு, ஒரு பெக்கா கூடப் பிசகவில்லை. தாலந்தும் எடைதான். சுவிசேஷ உவமை ஒன்றின் வழியாக அது திறமையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. நம் ஊர்த் தேவாலயங்களில் பிள்ளைகளுக்குத் தாலந்துப் போட்டி வைக்கிறார்கள். அந்தச் சொல்லின் பின்னால் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட வெள்ளி இருந்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இனி விலைக்கு வருவோம். காசு அடிக்கும் வழக்கம் லிடியா நாட்டில், கி.மு. ஏழாம் நூற்றாண்டு வாக்கில்தான் தொடங்கியது. அதற்கு முன் விலை கொடுப்பது என்றால் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பது. கட்டி, கம்பி, உடைந்த வளையல், வெட்டிய துண்டு என எந்த வடிவிலும் வெள்ளி புழங்கியது. 1968இல் எபிரோனுக்குத் தெற்கே எஸ்தெமோவா என்ற ஊரில் ஐந்து குடங்கள் நிறைய இத்தகைய வெள்ளித் துண்டுகள் கிடைத்தன. அந்தக் காலத்துக் கல்லாப் பெட்டி அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆதியாகமத்தில் ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம் செய்ய மக்பேலாக் குகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்குகிற பகுதியை வியாபாரிகள் ஒருமுறை படிக்க வேண்டும். நிலத்துக்காரன் முதலில் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். வாங்க வந்தவர் விலை கொடுத்தே வாங்குவேன் என்கிறார். உடனே அவன், நானூறு சேக்கல் பெறும் நிலம், நமக்குள் அது என்ன பெரிய தொகை என்று நயமாக விலையைச் சொல்லிவிடுகிறான்! இந்தப் பேச்சு நமக்குப் பழக்கமில்லாததா? ஆபிரகாம் பேரம் பேசவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வெள்ளிக்கு ஓர் அடைமொழி இருக்கிறது. வணிகரிடத்தில் செல்லுபடியாகும் வெள்ளி என்பது அதன் கருத்து. எபிரேயத்தில் 'கடந்து செல்வது' என்ற சொல்லைத்தான் அங்கே போட்டிருக்கிறார்கள். நாமும் காசு செல்லும், செல்லாது என்றுதானே சொல்கிறோம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 'செல்லாது' என்ற சொல் எத்தனை கனமானது என்று நாமெல்லாம் தெரிந்துகொண்டோம்.

அந்த அடைமொழி வெறும் அலங்காரம் இல்லை. பாபிலோனியச் சேக்கல் ஏறக்குறைய 8.4 கிராம். யூதேயாவில் பிற்காலத்தில் வழங்கிய சேக்கல் ஏறக்குறைய 11.3 கிராம். ஆகவே நானூறு சேக்கல் என்பது ஒரு கல்லில் 3,360 கிராம். மற்றொரு கல்லில் 4,520 கிராம். ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம்! எந்தக் கல் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பேச்சு முடியாது. பழைய ஏற்பாட்டிலேயே மூன்று விதக் கல் பேசப்படுகிறது. ஆலயத்துச் சேக்கல் ஒன்று. அப்சலோமின் தலைமயிரை நிறுத்த இடத்தில் வரும் ராஜாவின் கல் ஒன்று. வணிகரின் கல் ஒன்று. இவற்றில் கதைப் போக்கில் முதலில் வருவது வணிகரின் கல்தான். அங்கே ராஜாவும் இல்லை, ஆலயமும் இல்லை. வாங்குகிறவன், விற்கிறவன், தராசு, சாட்சிகள், இவ்வளவுதான்.

இதை நான் வேண்டுமென்றே வலியுறுத்திச் சொல்கிறேன். எடை முத்திரை என்றாலே அரசாங்கம் நம் தலையில் கட்டிய தொல்லை என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். முத்திரைக் கட்டணம் அதிகம் என்றால் அதற்காக வாதாடலாம். முத்திரை போடும் நாளில் காத்துக் கிடக்க வைக்கிறார்கள் என்றால் மனுக் கொடுக்கலாம். சங்கம் இருப்பது அதற்குத்தான். ஆனால் பொதுவான ஒரு கல் வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிக்குத் தோன்றியது அல்ல. அது வியாபாரிகளுக்குள்ளே, ஒருவர் பண்டத்தை ஒருவர் நம்பி வாங்குவதற்காக உண்டான எண்ணம். சேக்கலின் சரித்திரம் இதற்குச் சாட்சி.

அந்தக் காலத்து வியாபாரிக்கு நமக்கு இல்லாத ஒரு பொறுப்பும் இருந்தது. நாம் பண்டத்தை மட்டும் நிறுக்கிறோம்; பணத்தை எண்ணி வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அவன் இரண்டையும் நிறுக்க வேண்டும். ஒரு கையால் தானியத்தை அளந்து போடுவான். மறு கையால் வந்தவன் கொடுக்கும் வெள்ளியை நிறுப்பான். அப்படியானால் ஏமாற்றவும் இரண்டு இடம் இருக்கிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் தீர்க்கதரிசி தானிய வியாபாரிகளைச் சாடும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறார். தானியம் அளக்கும் மரக்காலைச் சிறிதாக்குகிறார்கள், வெள்ளி நிறுக்கும் சேக்கலைப் பெரிதாக்குகிறார்கள் என்கிறார். போகிற பண்டம் குறைவு, வருகிற வெள்ளி அதிகம். பதரையும் கோதுமையோடு சேர்த்து விற்றுவிடுகிறார்கள், ஓய்வுநாள் எப்போது முடியும் கடை திறக்கலாம் என்று தவிக்கிறார்கள் என்றும் சொல்கிறார். கடைசிக் குற்றச்சாட்டு நமக்குக் கொஞ்சம் கடுமையாகப் படலாம். மற்றவை அப்படியல்ல.

சேக்கலைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்கலாம். அதற்கு நேரடிச் சாட்சியே மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. எருசலேமில் தாவீதின் நகரம் எனப்படும் அகழ்விடத்தில் கிடைத்த ஒரு சிறு கல் பற்றிய ஆய்வு 2022இல் வெளியாயிற்று. அதன் மேல் இரண்டு கேரா என்று குறியிட்டிருக்கிறது. நிறுத்துப் பார்த்தால், இரண்டு கேரா இருக்க வேண்டிய எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேலே! கள்ளக் கல் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாங்கும்போது தட்டில் வைக்கிற கல் அது என்று எந்த மண்டிக்காரரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

எபிரேயத்தில் எடைக்குப் பெயரே கல்தான். நாமும் இரும்பில் செய்ததைக்கூட எடைக்கல், படிக்கல் என்றே சொல்லி வந்தோம் அல்லவா? உபாகமம் வியாபாரியின் பையைப் பற்றிப் பேசும்போது, பெரிதும் சிறிதுமாக இரண்டு விதக் கல் அதில் இருக்கக் கூடாது என்கிறது. அந்தக் கல்லால் நிறுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, பையில் இருக்கவே கூடாது என்கிறது. இன்று நம் நாட்டில் நடப்பில் உள்ள 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டமும் தரமற்ற எடையைப் பயன்படுத்துவதோடு, பயன்படுத்துவதற்காக வைத்திருப்பதையும் தடை செய்கிறது. கல் இருந்தால் கை போகும் என்பது அன்றைக்கும் தெரிந்திருக்கிறது.

கள்ளக் கல் ஒன்றைச் சொன்னேன். நல்ல கற்களையும் சொல்ல வேண்டும். யூதேயாவில் கி.மு. எட்டு, ஏழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான எடைக்கற்கள் கிடைத்துள்ளன. சுண்ணாம்புக் கல்லில், அடி தட்டையாகவும் மேல்புறம் குவிந்தும் அழகாகச் செதுக்கியவை. சேக்கலுக்கான குறியும் எண்ணும் மேலே வெட்டியிருக்கும். அவை வெவ்வேறு ஊர்களில் கிடைத்தும் எடை பெரும்பாலும் 11.3 கிராமை ஒட்டியே நிற்கிறது. எண்கள் எகிப்திய எழுத்தில் இருப்பதுதான் வேடிக்கை. எட்டுச் சேக்கல் கல் ஏறக்குறைய 91 கிராம். எகிப்தின் தெபென் என்ற எடையும் அவ்வளவே. எகிப்தோடு கொடுக்கல் வாங்கல் செய்ய வசதியாக இப்படிப் பொருத்திக்கொண்டார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. வெளியூர்ச் சரக்கு வாங்குகிறவன் வெளியூர் வாய்பாட்டைத் தெரிந்து வைத்திருப்பான், இதில் ஆச்சரியம் இல்லை.

இந்தக் கற்கள் ஒரு பழைய புதிரையும் விடுவித்தன. சாமுவேலின் முதல் புத்தகத்தில், இஸ்ரவேலர் நடுவில் கொல்லர் இல்லாததால் கலப்பைக் கொழுவைத் தீட்டப் பெலிஸ்தரிடம் போக வேண்டியிருந்தது என்று ஒரு செய்தி உண்டு. அங்கே 'பீம்' என்று ஒரு சொல் வரும். வேறெங்கும் வராத சொல். மொழிபெயர்த்தவர்கள் பாவம், கருவியைத் தீட்டுகிற பேச்சு என்பதால் அரம் என்று எழுதி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பீம்' என்று பொறித்த சிறு எடைக்கற்கள் அகழ்வில் கிடைக்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் சுமார் 7.8 கிராம், அதாவது சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. அப்போதுதான் தெரிந்தது, அது அரமும் இல்லை ஒன்றும் இல்லை, தீட்டுக் கூலி! ஒரு கொழு தீட்ட அவ்வளவு வெள்ளி கேட்டிருக்கிறார்கள். காலம் வேறு என்றாலும், பிற்காலத்தில் எரேமியா ஒரு நிலத்தையே பதினேழு சேக்கலுக்கு வாங்கியதை நினைத்தால் இது எவ்வளவு அநியாயக் கூலி என்பது விளங்கும். போட்டிக் கடை இல்லாத இடத்தில் விலை அப்படித்தான் போகும்.

அந்த எரேமியாவின் கிரயத்தையும் சொல்லிவிடுகிறேன். எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி அவருடைய சிற்றப்பன் மகன் வந்து கேட்கிறான். எதிரி கைக்குப் போகப்போகிற ஊரில் நிலம் வாங்குவார் உண்டா? அவர் வாங்குகிறார். பத்திரம் எழுதி முத்திரை போட்டு, சாட்சி வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். மறுபடியும் அந்த நாட்டில் நிலமும் வீடும் விலைபோகும் என்ற நம்பிக்கையில் செய்த கிரயம் அது. ஊரே பறிபோகும் நேரத்திலும் நடைமுறையில் ஒன்றையும் அவர் விடவில்லை.

கல் சரியாக இருந்தும் வெள்ளி சரியாக இல்லாவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. கி.மு. 1200க்குப் பிந்திய காலத்து வெள்ளிப் புதையல்களைச் சோதித்தவர்கள், அவற்றில் செம்பு தாராளமாகக் கலந்திருப்பதையும், நிறம் மாறித் தெரியாமலிருக்க ஆர்சனிக் சேர்த்திருப்பதையும் கண்டு 2021இல் எழுதினார்கள். மிளகில் பப்பாளி விதை கலப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த வித்தை இருந்திருக்கிறது.

காசு வந்த பிறகு சேக்கல் என்ற பெயர் காசுக்கு ஒட்டிக்கொண்டது. அப்போதும் எடையும் மாற்றும்தான் பெரிதாக இருந்தன. இதற்குத் தீரு நகரத்துச் சேக்கலைவிட நல்ல உதாரணம் இல்லை. கி.மு. 126 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசு அது. சுமார் 14 கிராம், வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஒரு பக்கம் மெல்கார்த் என்ற அந்நியத் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. உருவ வழிபாட்டை அறவே வெறுத்த எருசலேம் ஆலயம், ஆண்டுதோறும் ஒவ்வொரு யூத ஆணும் செலுத்த வேண்டிய அரைச் சேக்கல் காணிக்கையை இந்தத் தீரு வெள்ளியிலேயே வாங்கியது. படத்தைப் பார்க்காமல் மாற்றைப் பார்த்தார்கள்! கைவசம் வேறு காசு வைத்திருந்தவர்களுக்காக ஆதார் மாதம் 15ஆம் தேதி வெளியூர்களிலும் 25ஆம் தேதி ஆலயத்திலும் காசுக்காரர்கள் மேசை போடுவார்கள் என்று யூதர்களின் மிஷ்னா நூல் சொல்கிறது. மாற்றிக் கொடுக்க ஒரு சிறு கூலியும் உண்டு. சுவிசேஷங்களில் இயேசு கவிழ்த்ததாக வருவது இத்தகைய மேசைகளைத்தான். யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசும் தீருச் சேக்கலாகவே இருக்கக்கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள்.

சொல் தேய்வதும் இங்கேதான் தொடங்குகிறது. அரைச் சேக்கல் காணிக்கை, சேக்கல் காணிக்கை என்று பேச்சு வழக்கில் சுருங்கச் சுருங்க, மிஷ்னா காலத்தில் சேக்கல் என்றால் முன்பிருந்ததில் பாதி என்று ஆகிவிட்டது. பழைய முழுச் சேக்கலுக்கு 'சேலா' என்று வேறு பெயர். ஆகவே பழைய நூல்களில் எத்தனை சேக்கல் என்று படித்தவுடன் இன்றைய வெள்ளி விலையால் பெருக்கி இத்தனை ரூபாய் என்று எழுதிவிடுகிற கட்டுரையாளர்களை நம்பாதீர்கள். எந்தக் காலத்துச் சேக்கல் என்று அவர்கள் முதலில் சொல்லட்டும்.

ரோமருக்கு எதிராகக் கி.பி. 66இல் கலகம் செய்தபோது யூதர்கள் கிண்ணமும் மாதுளையும் பொறித்துத் தங்கள் சொந்தச் சேக்கலை அடித்தார்கள். 70இல் ஆலயம் இடிந்தது. ரோமர்கள் அந்தக் காணிக்கையை நிறுத்திவிடவில்லை. யூப்பித்தர் கோயிலுக்குச் செலுத்தும் வரியாக அதை மாற்றி யூதர்களிடமே வசூலித்தார்கள்.

பிறகு வெகுகாலம் கழித்து இந்தச் சொல் பணமாகத் திரும்பி வந்தது. 1969இல் இஸ்ரேல் சட்டம் இயற்றியும், 1980 பிப்ரவரியில்தான் பத்து லிராவுக்கு ஒரு ஷெகல் என்று வெளியிட்டார்கள். பெயர் பழைய வெள்ளியின் பெயர். ஆனால் தட்டில் வைக்க அதில் ஒன்றும் இல்லை. 1984இல் அங்கே விலைவாசி ஓராண்டில் 400 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வீடு, வாகனம் போன்றவற்றுக்கு டாலரிலேயே விலை சொன்னார்கள். 1985 செப்டம்பரில் மூன்று சைபரை வெட்டி, ஆயிரம் ஷெகலுக்கு ஒரு புதிய ஷெகல் என்றார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் பத்தாயிரம் லிரா ஒரே ஒரு ஷெகல் ஆயிற்று. வெள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது நடக்கிற காரியமும் அல்ல. ஆனால் அந்த ஆண்டுகளில் காலையில் ஒட்டிய விலைச்சீட்டைச் சில நாளிலேயே கிழித்து ஒட்டிய கடைக்காரனிடம் கேட்டிருந்தால், வணிகரிடத்தில் செல்லுபடியாகும் வெள்ளி என்று எழுதி வைத்தவனின் கவலை அவனுக்குப் புரிந்திருக்கும்.

புதிய ஷெகல் பிறகு நிலைத்துவிட்டது, இன்றும் அதுவே நடப்பில் இருக்கிறது. எபிரேயத்தில் எடைக்கு இப்போதும் 'மிஷ்கல்' என்றுதான் பெயர். எருசலேம் சந்தையில் ஒரு கிலோ தக்காளி வாங்குகிற பெண்ணிடம் கடைக்காரர் எடையைச் சொன்னாலும் விலையைச் சொன்னாலும், அவர் வாயில் வருவது அந்த ஒரே வேர்தான்.